பிறர் விதிப்படி ஆடியவர்

ஆசிரியத் தொழிலிலே நெடுங்காலம் இருந்தவனுக்குச் சிவப்பு மை ஒரு பழக்கமாகிப் பின் ஒரு நோயாகவே ஆகிவிடுகிறது. எதைக் கண்டாலும் அடிக்கத் தோன்றும். அடித்தபின் ஓரத்திலே ஒரு குறிப்பெழுதத் தோன்றும். அவ்வாறு நான் எழுதிய குறிப்பொன்று பல ஆண்டுகளாக என் மனத்தை விட்டகலாது நிற்கிறது. அதனை இன்று அன்பர்கள் முன் வைத்துவிடலாம் என்று எண்ணுகிறேன்.

மேல்வகுப்பு மாணவரிடம், 'நான் மதிக்கும் விளையாட்டு வீரர்' என்ற பொருளிலே ஒரு கட்டுரை கேட்டிருந்தேன். பெரும்பாலோர் கிரிக்கெட் வீரர்களைப் புகழ்ந்திருந்தனர். சிலர் ஓட்டக்காரரையும் உதைபந்தாட்டக்காரரையும் நாடினர். ஒருவன் மட்டும் இகோர் பிகெய்ரெடோ என்னும் பிரேசில் நாட்டவரைப் பற்றி எழுதியிருந்தான். அவர் ஸ்னூக்கர் ஆட்டக்காரர். கட்டுரையை இருமுறை படித்தேன். உலகப் பட்டம் இல்லை; பெருங்கிண்ணம் இல்லை. 'இவர் வென்றது யாது? வென்றவர் ஒருவரைத் தேர்ந்து மீண்டும் எழுதுக' என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மாணவன் மறுவார்த்தை பேசவில்லை. மறுநாளே ஒரு கிரிக்கெட் வீரரைப் பற்றிப் பிழையற்ற கட்டுரையொன்றைக் கொண்டுவந்தான். நல்ல புள்ளியிட்டேன். அதிலே உயிர் இருக்கவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது. அவனுடைய தகப்பனார் கொழும்பிலே ஒரு கழகத்தின் பில்லியர்ட்ஸ் மண்டபத்தில் மார்க்கராகக் கடமையாற்றுபவர் என்பது மட்டும் பின்னரே தெரியவந்தது.

'இவர் வென்றது யாது?' என்ற என் வினாவுக்கு நானே விடையிறுக்கக் கடமைப்பட்டவன் என்பதனாற்றான் இக்கட்டுரை.

நிற்க. ஸ்னூக்கர் என்னும் ஆட்டத்தின் பிறப்பை முதலிலே நோக்குதல் தகும். அது இங்கிலாந்தின் ஆட்டம் என்று பலரும் கருதுவர். ஆயின் அது பிறந்த இடம் இந்தியா. 1875ஆம் ஆண்டளவிலே ஜபல்பூரில் இருந்த ஆங்கிலப் படையணியொன்றின் அதிகாரியான நெவில் சேம்பர்லேன் என்பார், மழைக்காலப் பொழுதைப் போக்குவதற்காகப் பில்லியர்ட்ஸ் மேசையிலே நிறப் பந்துகளைக் கூட்டிப் புதிதாக ஓர் ஆட்டத்தை அமைத்தார். 'ஸ்னூக்கர்' என்பது படைப்பயிற்சிக் கல்லூரியிலே புதுமுக மாணவனைக் கேலி செய்யும் சொல். எளிய பந்தொன்றைத் தவறவிட்ட ஒருவரை அவர் அச்சொல்லால் அழைக்க, அதுவே ஆட்டத்தின் பெயராயிற்று. 1880களிலே நீலகிரியின் உதகமண்டலத்துக் கழகத்தில் அதன் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. தமிழ்நாட்டு மலையொன்றின் மேல், ஆங்கிலேயர் கழக மண்டபம் ஒன்றினுள்ளே, இந்த ஆட்டம் தன் முதற் சட்டத்தைப் பெற்றது. பின்னர் அது இங்கிலாந்து சென்றது, அங்கே சங்கம் அமைத்தது, விதிநூல் கண்டது, 1927இலே உலகப் போட்டியும் கண்டது. 1977 முதல் ஷெபீல்ட் நகரத்துக் குரூசிபிள் நாடக அரங்கே அதன் தலைமைக் கோயிலாயிற்று.

அதே 1977ஆம் ஆண்டிலேதான் பிகெய்ரெடோ றியோ டி ஜெனீரோவில் பிறந்தார்.

பிரேசில் நாட்டார் இவ்வாட்டத்தை ஏற்றுக்கொண்ட முறை நம் கவனத்துக்குரியது. பெயரைத் தம் நாவுக்கேற்பச் 'சினூக்கா' என்று மாற்றிக்கொண்டனர். மேசையைச் சிறிதாக்கினர். ஆங்கில ஆட்டத்திலே பதினைந்து சிவப்புப் பந்துகள் உண்டு. பிரேசில் விதியிலே சிவப்பு ஒன்றே ஒன்று. அதனோடு மஞ்சள் முதல் கறுப்பு வரை ஆறு நிறப் பந்துகள். மேசையிலே எஞ்சியவற்றுள் மதிப்புக் குறைந்தது எதுவோ அதற்கு 'முறைக்குரிய பந்து' என்று பெயர். தவறு செய்தவன் ஏழு புள்ளிகளை எதிரிக்குக் கொடுத்தாக வேண்டும். பந்துகள் சிலவாதலின் ஒவ்வொன்றும் பெருமதி உடையது. ஒரு தவறே ஆட்டத்தின் போக்கை மாற்றிவிட வல்லது. ஆதலால் எதிரியின் வெள்ளைப் பந்தை வேறொரு பந்தின் பின்னே ஒளித்து, அவனைத் திகைக்கவைக்கும் கலை அங்கே நன்கு வளர்ந்தது.

ஆட்டம் மொழிக்குள்ளும் புகுந்தது. வெளியேற வழியில்லாத இக்கட்டில் அகப்பட்டவனைச் 'சினூக்காவில் நிற்கிறான்' என்பர் பிரேசில் மக்கள். ஒருவன் மீது எல்லோருடைய கண்ணும் திரும்பும் வேளையிலே, அது புகழுக்காயினும் சரி, பழிக்காயினும் சரி, அவனை 'முறைக்குரிய பந்து' என்பர். மேசையைக் கண்ணாலும் கண்டிராத பெண்டிரும் பிள்ளைகளும் இச்சொற்களை வழங்குகின்றனர். ஒரு விளையாட்டு ஒரு மக்கட் கூட்டத்துக்குச் சொந்தமாகிவிட்டதென்பதற்கு இதனினும் சிறந்த சான்று எது?

இலக்கிய அன்பர்கள் இவ்விடத்திலே ஒரு பெயரை மறக்கலாகாது. ஜோவோ அன்ரோனியோ என்னும் பிரேசில் எழுத்தாளர் 1963இலே வெளியிட்ட சிறுகதைத் தொகுதியின் தலைக்கதை, மலகேட்டா, பெருஸ், பக்கனாசோ என்னும் மூவரைப் பற்றியது. கிழவர் ஒருவர், இளைஞன் ஒருவன், சூதுவாது அறிந்தவன் ஒருவன். சினூக்கா மேசையிலே பணயம் வைத்து ஆடிப் பிழைக்கும் இம்மூவரும், சாவோ பாவுலோ நகரத்திலே ஓரிரவு முழுவதும் மண்டபம் மண்டபமாக அலைகின்றனர். கொஞ்சம் வெல்கின்றனர். ஈற்றிலே தம்மினும் வல்லான் ஒருவனிடம் அனைத்தையும் இழக்கின்றனர். விடியும்போது புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவந்து, கடனுக்கு மூன்று கோப்பி கேட்டு நிற்கின்றனர். அவ்வளவே கதை. ஆயின் அம்மூவருடைய பசியும், ஒருவரையொருவர் நம்பவும் முடியாமல் விடவும் முடியாமல் அவர்கள் படும் பாடும், மண்டபத்துப் பேச்சுமொழியிலேயே சொல்லப்பட்டன. அந்நாளைப் பண்டிதர் தீண்டத் தயங்கிய மொழி அது. அத்தொகுதி பிரேசிலின் பெரும் இலக்கியப் பரிசான ஜபுத்தியை இரு பிரிவுகளிலே பெற்றது. இன்னுமொரு செய்தி: 1960இலே ஆசிரியருடைய வீடு தீப்பற்றியபோது கையெழுத்துப் பிரதி முழுவதும் எரிந்துபோயிற்று. அவர் நூலகமொன்றிலே அமர்ந்து நினைவிலிருந்தே அதனை மீண்டும் எழுதினார். 1977இலே அக்கதை திரைப்படமாகவும் வந்தது.

அக்கதையிலே கார்னே பிரித்தா, அதாவது 'பொரித்த இறைச்சி', என்ற பட்டப்பெயர் கொண்ட மெய்யான ஆட்டக்காரர் ஒருவரும் இடம்பெறுகிறார். அவர் தம் காலத்து மண்டபங்களிலே பேரரசராக விளங்கியவர். பின்னர் 1980களிலே தொலைக்காட்சி வந்து ருய் ஷப்பேயு என்பாரை வீடுதோறும் கொண்டுசென்றது. ஷப்பேயு என்றால் தொப்பி. வெள்ளைத் தொப்பி அணிந்து ஆடுவது அவர் வழக்கம். ஞாயிறு விளையாட்டு நிகழ்ச்சியிலே குடும்பத்தோடமர்ந்து அவர் ஆட்டத்தைப் பார்த்தனர் மக்கள். உலக வீரரான ஸ்ரீவ் டேவிஸும் பிரேசில் சென்று அவரோடு ஆடினார். வீணர் கூடும் இடமென்று பெற்றோர் பிள்ளைகளைத் தடுத்துவைத்த மண்டபத்தின் ஆட்டத்தை, 1988இலே பிரேசில் அரசின் விளையாட்டு அவை ஒரு விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. 2020இலே ருய் ஷப்பேயு காலமானபோது நாட்டின் பத்திரிகைகள் ஒரு பெருங்கலைஞனுக்குரிய மரியாதையோடு அவரை நினைவுகூர்ந்தன.

இத்தகைய வளமான மரபொன்றின் நடுவே வளர்ந்தவர் பிகெய்ரெடோ. தம் நாட்டு விதியிலேயே நின்றிருந்தால் அந்நாட்டுப் பெருமை அனைத்தும் அவருக்குக் கிடைத்திருக்கும். அவரோ பதினைந்து சிவப்புப் பந்துகளின் பக்கம் திரும்பினார்.

இத்திருப்பத்தின் அருமையை ஆட்டமறியாதார் எளிதிலே உணரார். ஆங்கில மேசை பன்னிரண்டு அடி நீளம் உடையது. அதன் பைகளின் வாயோ சிறு பிழையையும் பொறுக்காதது. ஒரு சிவப்பு, அதன்பின் ஒரு நிறம், மீண்டும் ஒரு சிவப்பு, மீண்டும் ஒரு நிறம் என்று இடையறாது தொடுத்துச் செல்ல வேண்டும். தவறே இன்றித் தொடுத்தால் நூற்று நாற்பத்தேழு புள்ளிகள் வரை ஒரே மூச்சிலே எடுக்கலாம். இப்பொழுது அடிக்கும் பந்து விழுந்தால் மட்டும் போதாது. வெள்ளைப் பந்து அடுத்ததற்கு வாய்ப்பான இடத்திலே போய் நிற்க வேண்டும். அதற்கடுத்ததையும் இப்போதே எண்ணிவைக்க வேண்டும். குறள் வெண்பாவிலே கைதேர்ந்த புலவனொருவனை அழைத்து, 'ஐயா, இனி நீர் காப்பியம் பாடும்' என்பது போன்றது இது. இரண்டுக்கும் யாப்பறிவு வேண்டும். ஆயினும் மூச்சு வேறு.

இன்னொன்றும் உண்டு. சினூக்காவிலே எதிரியின் கை ஓங்கினாலும் நமக்கு மீண்டும் முறை வரும் என்று பெரும்பாலும் நம்பியிருக்கலாம். ஆங்கில ஆட்டத்திலே நாம் ஒன்றைத் தவறவிட்டால், எதிரி மேசையிலுள்ள அனைத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும்வரை, நாற்காலியில் அமர்ந்து பார்த்திருப்பதன்றி வேறு வேலையில்லை. ஸ்னூக்கரிலே தோற்பவன் பெரும்பாலும் உட்கார்ந்தே தோற்கிறான். இந்நாற்காலியிலே அமர்ந்திருக்கப் பழகுவது கோல் பிடிக்கப் பழகுவதிலும் கடினம் என்பது என் துணிபு.

2009இலே உலக அமெச்சூர் ஸ்னூக்கர் போட்டி ஐதராபாத்திலே நடைபெற்றது. அங்கே பல நாட்டு வீரரைக் கடந்து பிகெய்ரெடோ இறுதியாட்டத்துக்கு வந்தார். இந்திய மண்ணிலே பிறந்து, இங்கிலாந்திலே சட்டம் பெற்று, பிரேசிலிலே உருமாறிய ஆட்டம் ஒன்று, அந்தப் பிரேசில் நாட்டவரின் கையிலே மீண்டும் இந்திய மண்ணுக்கு வந்துசேர்ந்தது. எதிரே நின்றவர் இங்கிலாந்தின் அல்பி பேர்டன். முன்னமே தொழில்முறை ஆட்டத்திலே பல ஆண்டுகள் அடிபட்டவர். பட்டம் பேர்டனுக்குச் சென்றது. எனினும் பிகெய்ரெடோவின் ஆட்டம் வீண்போகவில்லை. 2010ஆம் ஆண்டுப் பருவத்திலே தொழில்முறை வட்டம் அவருக்குத் திறந்தது. பிரேசிலிலிருந்து அவ்வட்டத்துள் முதன்முதலிலே காலடி வைத்தவர் அவரே. அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. அவரோடு மோதிய ஆங்கில இளைஞர் பலர் பத்து வயதிலேயே பன்னிரண்டடி மேசையிலே வளர்ந்தவர்கள்.

அவ்வட்டத்தின் பொருளாதாரத்தையும் சிறிது சொல்லவேண்டும். அந்நாளிலே முதற் சுற்றில் தோற்றவருக்குப் பெரும்பாலான போட்டிகளிலே ஒரு சதமும் கிடையாது. பயணம், தங்குமிடம், உணவு எல்லாம் ஆட்டக்காரரின் சொந்தச் செலவு. 2010இலே தொடங்கிய சிறு போட்டிகளின் வரிசையிற் பல ஷெபீல்ட் நகரத்திலேயே நடந்தன. ஷெபீல்ட்டிலே வீடுடையவன் காலையிலே தோற்றுவிட்டு மாலையில் வீட்டிலே தேநீர் அருந்தலாம். றியோவிலிருந்து வந்தவனுக்கு இடையிலே ஒரு கடல் கிடக்கிறது. மேசை இருவருக்கும் ஒன்றுதான். மேசையை அடையும் வழி ஒன்றன்று.

சில பருவங்கள் அவ்வாறு ஆடினார். 2011இலே பிரேசிலின் புளோரியானோபொலிஸ் நகரத்திலே உலக வீரர்களை அழைத்து ஒரு போட்டி நடத்தினர். தம் நாட்டார் முன்னிலையிலே அவரும் ஆடினார். பட்டம் இங்கிலாந்தின் ஷோன் மேர்பிக்குச் சென்றது. போட்டியும் அந்த ஓராண்டோடு நின்றுவிட்டது. பின்னர் தரவரிசையிலே இடம் போதாமையால் அவர் வட்டத்தை விட்டு நீங்க நேர்ந்தது. நீங்கியவர் சோர்ந்திருக்கவில்லை. 2010களின் பிற்பகுதியிலே, அமெரிக்கக் கண்டங்களுக்குரிய போட்டியின் வழியாக மீண்டும் உள்ளே வந்தார். நாற்பதைக் கடந்த வயதிலே, ஒருமுறை தம்மை வெளியேற்றிய அதே வாயிலிலே மீண்டும் நின்றார். குரூசிபிள் அரங்கினை அவர் எட்டவில்லை. தரவரிசைப் பட்டம் எதனையும் வெல்லவுமில்லை.

இதனைக் கேட்ட என் நண்பரொருவர், 'அப்படியாயின் மாணவனுக்கு நீர் எழுதிய குறிப்புச் சரிதானே?' என்றார். இன்னொரு நண்பர், 'தோல்வியும் ஒருவகை வெற்றியே' என்று அழகாகப் பேசினார். எனக்கு இவ்விருவரோடும் உடன்பாடில்லை.

இரண்டாமவருடைய கருத்தை முதலிலே எடுத்துக்கொள்வோம். தோல்வி தோல்விதான். தோற்ற அன்றிரவு அறைவாடகையை எண்ணிக் கொடுத்தவனுக்கு அது நன்றாகத் தெரியும். பிகெய்ரெடோ வெல்வதற்காகவே ஆடினார். பார்ப்போர் உருகுவதற்காகத் தோற்கவில்லை. அவருடைய தோல்விக்கு நாம் பூச்சூட்டினால், அவர் எதற்காக உழைத்தாரோ அதனையே சிறுமைப்படுத்தியவராவோம்.

முதல் நண்பரின் கருத்தே பெரிதும் பரவியது, ஆபத்தானதும் அதுவே. அவர் தரவரிசை ஏட்டை உலகின் இறுதித் தீர்ப்பாகக் கொள்கிறார். அவ்வேடு யார் எத்தனை ஆட்டம் வென்றார் என்பதைப் பிழையின்றிச் சொல்லும். ஒருவர் எங்கிருந்து புறப்பட்டார் என்பதை அது சொல்லாது. சீன நாட்டை நோக்குக. 2005இலே டிங் ஜுன்ஹுய் என்ற இளைஞர் பெரும் பட்டங்களை வென்றார். அதன்பின் அங்கே பயிற்சிக்கூடங்கள் எழுந்தன, பணம் வந்தது, சிறுவர் திரண்டனர். அவ்வாறிருந்தும் உலகப் பட்டம் அந்நாட்டுக்கு 2025இலேதான் சாவ் சின்ரொங் மூலம் கிட்டியது. பேரரசு போன்ற ஒரு நாடு முழு ஏற்பாட்டோடு முயன்றும் இருபதாண்டு சென்றது. பயிற்சிக்கூடமும் முன்னோடியும் இன்றிப் புறப்பட்ட ஒருவரை அந்த ஏட்டின் ஒரு வரியால் அளக்கலாமா?

நம் நாட்டையே எண்ணிப் பார்க்கலாம். 1973இலே பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்ற எம். ஜே. எம். லாபிரை இலங்கையின் முதல் உலக வீரரென்று போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். ஆயின் பம்பாயிலே அவர் இறுதியிற் சறுக்கியிருந்தால் அவரது பெயர் நம் பாடப்புத்தகத்தின் அருகிலாவது வந்திருக்குமா? அவருடைய கைத்திறன் அப்போதும் அதே கைத்திறனாகத்தானே இருந்திருக்கும்?

இங்கேதான் ஜோவோ அன்ரோனியோவையும் பிகெய்ரெடோவையும் நான் அருகருகே நிறுத்திப் பார்க்கிறேன். இருவரும் ஒரே மண்டபத்திலிருந்து புறப்பட்டவர்கள் எனலாம். எழுத்தாளர் தம் மண்டபத்தின் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. அப்பேச்சுக்கு இலக்கிய மாளிகையின் கதவைத் திறப்பித்தார். வாசகரே அவருடைய மேசைக்கு வரவேண்டியதாயிற்று. இலக்கியத்திலே அது கூடும். நல்ல நூலொன்று தன்னை அளக்கும் விதியையும் தன்னோடு கொண்டுவர வல்லது. பரிசளிப்போர் நேற்றுவரை இழிவென்ற மொழியை இன்று ஏற்கும்படி செய்ய வல்லது.

ஆட்டக்காரனுக்கு அந்த வசதி இல்லை. 'என் நாட்டிலே ஒரு சிவப்புத்தான். அதன்படி எண்ணுங்கள்' என்று அவன் நடுவரிடம் சொல்ல முடியாது. பதினைந்தென்றால் பதினைந்துதான். பிறர் வகுத்த விதியை முழுமையாக ஏற்று, பிறருடைய மேசையிலே, பிறருடைய ஊரிலே, பிறருடைய மொழியிலே அவன் ஆடியாக வேண்டும். விதி என்ற சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள். சட்டமும் விதி, ஊழும் விதி. பிகெய்ரெடோ முதலாவதை அறிந்தே ஏற்றார். இரண்டாவதோடு பத்தாண்டுக்கு மேலாக வழக்காடினார்.

அவர் வென்றது யாது என்ற வினாவுக்கு இனி என் விடையைச் சொல்லலாம். ஒரு நாட்டின் பெயர் முன்பு இல்லாத பட்டியலொன்றிலே அவரால் அந்நாட்டின் பெயர் ஏறிற்று. அவருக்குப் பின் இன்னொரு பிரேசில் இளைஞரும் அவ்வட்டத்துள் புகுந்தார். அவ்விளைஞர் புறப்படும்போது, 'நம்மவர் ஒருவர் அங்கே ஆடியிருக்கிறார்' என்று சொல்ல முடிந்தது. பிகெய்ரெடோவுக்கு அவ்வாறு சொல்ல எவருமில்லை. இது பட்டமாகாது, கிண்ணத்திலே பொறிக்கவும் முடியாது. ஆயினும் எந்தத் துறையிலும் முதலிலே சென்றவனுடைய ஊதியம் பெரும்பாலும் இவ்வளவுதான். இதனைக் கணக்கிலே சேர்க்காத கணக்கு, கணக்காகாது.

ஆசிரியராயிருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பிலே நாமும் தரவரிசை ஏடு வைத்திருக்கிறோம், அது வேண்டியதே. வீட்டிலே புத்தகமுள்ள பிள்ளையும், வீட்டு மொழி வேறு பள்ளி மொழி வேறாக வந்த பிள்ளையும் ஒரே வினாத்தாளுக்குத்தான் விடை எழுதுகின்றனர். புள்ளியை நாம் ஒரே விதிப்படிதான் இடவேண்டும். ஆயின் புள்ளியிட்டபின், ஓரத்திலே எழுதும் குறிப்பு நம் கையிலேயே இருக்கிறது. அவ்விடத்திலாவது அப்பிள்ளை வந்த வழியை நினைத்தல் நம் கடன்.

அண்மையிலே பழைய மாணவர் ஒன்றுகூடலொன்றிலே அந்த மாணவனைச் சந்தித்தேன். வளர்ந்து, தொழில் பார்த்து, தலையும் சற்று நரைத்திருந்தான். தகப்பனார் தவறிவிட்டார் என்றான். தயங்கித் தயங்கி, 'பிகெய்ரெடோவைப் பற்றி நீர் முதலில் எழுதிய கட்டுரை இருக்கிறதா?' என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

'அண்டைக்கே கிழிச்சிட்டன், சேர். அப்பாதான் அந்த ஆளைப் பற்றி எனக்குச் சொன்னவர்.'

எரிந்த நூலை எழுதியவனே நினைவிலிருந்து மீட்டான். கிழிந்த இக்கட்டுரையைக் கிழியக் காரணமானவன் மீட்டிருக்கிறேன். அம்மாணவன் எழுதியதற்கு இது ஈடாகாது.